ஆகாயத்தில் எதற்குக் கியர்?

1942 ஏப்ரல் 5ஆந் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானியரின் விமானத் தாக்குதலிலிருந்து கொழும்பைக் காக்கப் புறப்பட்ட ஹரிகேன் விமானங்களின் எஞ்சினில் 'இரண்டு கியர்' இருந்ததாமே, மேடுபள்ளமில்லாத ஆகாயத்தில் அது எதற்கு என்று தெல்தோட்டை வாசகர் ஒருவர் வினவியிருக்கிறார்.

அந்தக் கியர் விமானத்தை இழுப்பதற்கன்று. எஞ்சினுக்குள் காற்றை அடைத்துத் தள்ளும் விசிறியாகிய சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவதற்கு. 18,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறையப் பாதியாகிவிடுவதால், பெற்றோலை எவ்வளவு வார்த்தாலும் பிராணவாயு போதாமல் யந்திரம் இளைத்துவிடும். விசிறியைக் கடுவேகத்தில் சுழற்றினால் இக்குறை தீரும். ஆனால் காற்று செறிந்த தாழ்வில் அதே வேகம் எஞ்சினின் சக்தியைத் தின்று காற்றையும் வீணே சூடாக்கும். ஆகவே ஹரிகேனிலிருந்த மெர்லின் 20 என்னும் எஞ்சினில், கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுகையில் விசிறி தாழ்வில் 8.15 சுற்றும், உயரத்தில் 9.49 சுற்றும் சுற்றுமாறு அமைத்தார்கள். தண்டு நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடினால் விசிறிக்கு 28,000க்கு மேல்!

இத்தகைய வேகத்தில் ஒரு பல்சக்கரத்தை இன்னொன்றின்மீது மோதவிட்டால் பற்கள் பொடியாகும். பிரான்சின் ஃபர்மான் முறையைத் தழுவிய இவ்வமைப்பில் சக்கரங்கள் எப்போதும் கோத்தே இருக்கும். சற்றே வழுக்கிப் பின் இறுகும் கிளட்ச்சுகளே வேகத்தை மாற்றும். சிறுவயதில் கலஹாத் தேயிலைத் தொழிற்சாலையில், கூரையடித் தண்டிலிருந்து இறங்கும் தோல்பட்டை, ரோலரில் கொழுந்து இறுகியதும் கிறீச்சிட்டு நழுவுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்நழுவல்தான் யந்திரத்தைக் காத்தது என்பது பட்டைக்குப் பிசின் தடவிய கிழவருக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் அத்தண்டை அறுத்துப் பழைய இரும்பாக விற்றவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

என் வியப்புக்குரியதோ ஜெர்மானியரின் டைம்லர்-பென்ஸ் முறை. அதில் நழுவலே பிரதானம். அலகுகள் பதித்த இரு கிண்ணங்கள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிரே நிற்க, ஒன்று சுழன்று வீசும் எண்ணெய் மற்றதைச் சுழற்றும். எவ்வளவு எண்ணெய் விடுவதென்பதைக் காற்றழுத்தம் உணரும் சிறுகுப்பி ஒன்று தீர்மானிக்க, உயரம் ஏற ஏற விசிறி தானாகவே துரிதப்படும். ஹரிகேன் விமானியோ கியரைத் தன் கையாலேயே மாற்றவேண்டியிருந்தது.

அந்த ஈஸ்டர் ஞாயிறன்று இரத்மலானை விமானத்தளத்தில் அதற்கும் அவகாசமில்லை. விமானங்கள் தரையைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியர் தலைக்குமேல் வந்துவிட்டார்கள். உயரத்துக்கென்று அத்தனை நுட்பமாகச் சமைத்த எஞ்சின்கள் தென்னை மர உயரத்தில் போரிட்டன.