செங்கல்பட்டு ட்ரெயின்: கூட்டத்தை வாசலிலேயே குறைத்த கதை

2020-ல் தமிழக அரசு பஸ்ஸில் 60 சதவீதம் பேரைத்தான் ஏற்றச் சொன்னது. கண்டக்டர் எண்ணிப் பார்த்து நிறுத்திடலாம். செங்கல்பட்டு–பீச் மின்சார ரயிலில் அப்படிப் பெட்டிக்குப் பெட்டி எண்ண முடியாது. அதனால் ஸ்டேஷன் வாசலிலேயே வடிகட்டினாங்க: அக்டோபர் 5 முதல் அத்தியாவசியப் பணியாளர்கள், நவம்பர் 23 முதல் நெரிசல் இல்லாத நேரத்தில் பெண்கள், டிசம்பர் 23 முதல் அதே நேரங்களில் பொதுமக்கள். சர்வர் திணறாம இருக்க நாங்க செய்றதும் இதைத்தான்.

மாஸ்க் அவசியம்தான். ஆனா இடைவெளி வேணும்னா கூட்டம் குறையணும்.

சரி, காலை ஷிப்ட்டுக்கு மறைமலைநகர் போறவர் என்ன செய்வார்? நெருக்கியடிச்சு ஷேர் ஆட்டோவில் போனா ரிஸ்க் குறையல, இடம் மாறுது. கம்பெனிகளும் ஷிப்ட் நேரத்தை மாத்தி வெச்சாத்தான் இந்தப் பாதுகாப்பு அவருக்கும் கிடைக்கும்.