மரப்பலகைக்கு எந்த எண்ணெய்?

ரஞ்சன்குடிக் கோட்டை அமைந்துள்ள பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்றது. அதே மாவட்டத்து அரும்பாவூரின் மரச் சிற்பங்கள் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றன. வெங்காயமும் மரமும் சந்திக்கும் இடம் ஒன்று நம் வீட்டிலும் உண்டு. அதுதான் காய் நறுக்கும் பலகை.

மரம் உயிருடன் இருந்தபோது நீரை மேலேற்றிய நுண்குழாய்கள் பலகையிலும் இருக்கின்றன. கழுவும்போது அவை நீரை உறிஞ்சுவதால் பலகை உப்புகிறது, உலரும்போது சுருங்குகிறது. இது மாறி மாறி நிகழ்வதால் வெடிப்புகள் தோன்றுகின்றன. அவற்றில் ஈரமும் உணவுத் துணுக்குகளும் தங்கினால் கிருமிகள் பெருகும். எண்ணெய் இக்குழாய்களை நிரப்பி, நீர் புகுவதைக் குறைக்கிறது.

எல்லா எண்ணெயும் இதற்கு ஏற்றதா? இல்லை. எண்ணெய் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேரும். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறது என்பதைக் கொண்டு இப்பிணைப்புகளின் அளவை அறியலாம். இதுவே அயோடின் எண். தேங்காய் எண்ணெய்க்கு இது சுமார் 9. கடலை எண்ணெய்க்குச் சுமார் 90. ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல்.

கடலை எண்ணெய் முழுதும் உலராது. நாளடைவில் பிசுபிசுத்துச் சிக்கு வாடை வீசும். ஆளிவிதை எண்ணெய் உலர்ந்து படலமாகும். ஆனால் பெயிண்ட் கடைகளில் விற்கும் ‘காய்ச்சிய’ வகையில், விரைவில் உலர்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு உப்புகளைச் சேர்ப்பதுண்டு. அது உணவுப் பலகைக்கு ஆகாது. மேலும், அந்த எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால், உலரும்போது பிறக்கும் வெப்பத்தால் அவை தாமே தீப்பற்றும். 1991-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் இவ்வாறே எரிந்தது. 3 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர்.

மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து பிரித்துத் தூய்மை செய்யப்பட்டது. அதில் இரட்டைப் பிணைப்புகள் இல்லாததால் கெடுவதில்லை. அது கிடைக்காவிடில் தேங்காய் எண்ணெய் போதும். கதவு நிலைகளில் கரையானுக்குப் பூசும் பழைய என்ஜின் ஆயிலைப் பலகையில் தடவவே கூடாது. அதில் உலோகத் துகள்களும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் உள்ளன.

பலகையைக் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, எண்ணெயைத் தேய்த்து, மறுநாள் மிகுதியைத் துடைத்துவிடுங்கள். மறுபடி எப்போது பூசுவது? பலகையில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். முத்தாக நின்றால் இப்போது வேண்டாம். உறிஞ்சப்பட்டால் பூச வேண்டும். எண்ணெய் கிருமிகளைக் கொல்லாது. எனவே பூசிய பலகையையும் ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கழுவுவது அவசியம்.