மாட்டுக்குப் போட்ட ஊசி

மூட்டுவலி என்று போனால் மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் டைக்ளோபினாக் இருக்கலாம், மெலாக்சிகாம் இருக்கலாம். வலியையும் வீக்கத்தையும் கூட்டுகிற புரோஸ்டாகிளாண்டினை உடம்பு சுரக்கவிடாமல் தடுப்பதுதான் இரண்டுக்கும் வேலை. வயிற்றுப்புண் வரும் ஆபத்தும் இரண்டிலும் உண்டு. மனித ரத்தத்தில் டைக்ளோபினாக் இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். மெலாக்சிகாம் பாதியாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதனால்தான் அதை நாளைக்கு ஒரு வேளை போட்டால் போதும்.

மாடுகளுக்கும் இவையே. 1990களில் மடிவீக்கம், நொண்டல், காய்ச்சல் எதற்கும் டைக்ளோபினாக் ஊசி போடும் வழக்கம் பரவியது, விலை மலிவு. ஊசி போட்டும் பிழைக்காத மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் பாறுக் கழுகுகள் வந்து தின்றுவிடும். அப்படித் தின்றவை கொத்துக் கொத்தாகச் செத்தன. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. ஏதோ தொற்றுநோய் என்றே முதலில் சந்தேகித்தார்கள். பாகிஸ்தானில் செத்த பறவைகளை ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸின் குழு அறுத்துப் பார்த்தபோது, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. அந்தச் சிறுநீரகங்களில் டைக்ளோபினாக் இருந்தது. ஆய்வு 2004இல் வெளியானது.

பாறுவின் உடம்பில் கணக்கே தலைகீழ். அங்கே மெலாக்சிகாம்தான் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடுகிறது. டைக்ளோபினாக் மணிக்கணக்கில் தங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. பாறுகள் தின்னும் நூறு மாட்டுப் பிணங்களில் ஒன்றில்கூட டைக்ளோபினாக் இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவாக இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள்.

கால்நடைகளுக்கான டைக்ளோபினாக்கை இந்தியா 2006இல் தடை செய்தது. மெலாக்சிகாம் பாறுகளைக் கொல்வதில்லை என்று சோதனைகளில் உறுதியானதும் அதே ஆண்டில்தான். ஆனால் நம்மவர்கள் விடுவார்களா? மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்கு ஏற்றினார்கள். 2015இல் குப்பி 3 மில்லியாகச் சுருக்கப்பட்டது; அந்தக் கட்டுப்பாடு செல்லும் என்று 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோபினாக்காகவே மாறும் அசிக்ளோபினாக்குக்கு 2023இல்தான் தடை வந்தது. ரொம்பத் தாமதம்.

தமிழ்நாட்டுப் பாறுகளுக்கு முக்கியப் புகலிடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. மாடு வைத்திருப்பவர்கள், முக்கியமாக நீலகிரி, ஈரோடு பக்கத்துக்காரர்கள், வலிக்கு ஊசி என்றால் கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.