ஒரே விடை மூன்று முறை வந்தால் அது சரியாகுமா?

கடற்கரையோரப் பாடசாலை ஒன்றில் மாணவர் ஒருவர், கொதிக்கும் தூய நீரின் வெப்பநிலையை மூன்று தடவைகள் அளக்கின்றார் எனக் கொள்வோம். மூன்று தடவையும் வெப்பமானி 103 பாகை செல்சியஸையே காட்டுகின்றது. வாசிப்புகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் அவை நம்பகமானவை. ஆனால், கடல்மட்டத்தில் நீர் ஏறத்தாழ 100 பாகையிலேயே கொதிக்கும். எனவே அவை துல்லியமானவை அல்ல. மீண்டும் மீண்டும் ஒரே பெறுபேறு கிடைப்பது நம்பகத்தன்மை. அப்பெறுபேறு உண்மைப் பெறுமானத்தை அண்மித்திருப்பது துல்லியம்.

மூன்று வாசிப்புகளின் சராசரியை எடுத்தால் வழு நீங்கிவிடும் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே. கூடியும் குறைந்தும் வரும் எழுமாற்று வழுக்களைச் சராசரி குறைக்கும். கருவியிலேயே பிழையிருப்பின், ஆயிரம் தடவை அளந்தாலும் அப்பிழை நீங்காது.

தேர்ந்த விஞ்ஞானிகளும் இதில் இடறியதுண்டு. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் நிலையத்திலிருந்து, சுமார் 730 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வுகூடத்துக்கு நியூத்திரினோ துகள்கள் அனுப்பப்பட்டன. அவை ஒளியைவிட ஏறத்தாழ 60 நனோசெக்கன் முந்தி வந்ததாக ஒபேரா ஆய்வுக் குழு 2011 செப்டெம்பரில் அறிவித்தது. இது ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையையே கேள்விக்குள்ளாக்கும் முடிவாகும். மூன்றாண்டு காலத் தரவுகள் அதற்குச் சான்றாயின. சில வாரங்களின் பின் நடத்திய மறுபரிசோதனையிலும் அதே விடையே கிடைத்தது.

எனினும், நேரத்தைக் கணிக்கும் தொகுதியிலே ஒளியியல் நார் வடமொன்று சரிவரப் பொருத்தப்படாதிருந்தமை 2012 பெப்ரவரியில் தெரியவந்தது. அதே ஆய்வுகூடத்தில் வேறு கருவியைக் கொண்டு அளந்த இக்காரஸ் குழு, துகள்கள் ஒளியை முந்தவில்லை என 2012 மார்ச்சில் அறிவித்தது. மறுபரிசோதனையால் வெளிப்படாத பிழையை, கருவிகளைச் சோதித்தமையும் வேறொரு குழுவின் அளவீடுமே வெளிப்படுத்தின.

எனவே, ஒரே விடை மும்முறை வந்தவுடன் மாணவர் திருப்தியடைந்துவிடலாகாது. வெப்பமானியை உருகும் பனிக்கட்டியில் வைத்து அது பூச்சியத்தைக் காட்டுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். வேறொரு வெப்பமானியாலும் அளந்து ஒப்பிடல் வேண்டும். பிழையான கருவி ஒருபோதும் தன்னைத்தானே திருத்திக்கொள்வதில்லை.