ஆழம் பார்க்க ஒரு குறுந்தகடு

ஆங்கில விசைப்பலகையில் ‘ஒய்’ இருக்கும் இடத்தில் ஜெர்மன் விசைப்பலகையில் ‘இஸட்’ உட்கார்ந்திருக்கிறது. ‘ஒய்’ கீழ் வரிசையின் இடது ஓரத்துக்குப் போய்விட்டது. ஜெர்மனியில் வாங்கிய மடிக்கணினியில் முதல்முறையாக லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுகிறவர், விசைப்பலகை எது என்று கேட்கும் திரையைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினி அதை அமெரிக்க விசைப்பலகையாகவே எடுத்துக்கொள்ளும். கடவுச்சொல்லில் இஸட் இருந்தால் அது ஒய்யாகப் பதிவாகும். திரையில் தெரிவதோ வெறும் புள்ளிகள். பிறகு விசைப்பலகையை ஜெர்மனுக்கு மாற்றியதும், ‘கடவுச்சொல் தவறு’ என்ற பதில்தான் வரும்.

நிறுவியதே கெட்டுப்போய்விட்டது என்று அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். உண்மையில் எதுவும் கெடவில்லை.

கடிகாரமும் இப்படித்தான் ஏமாற்றும். விண்டோஸ் கணினியின் உள்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கிறது. லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை வைக்கிறது. இரண்டையும் ஒரே கணினியில் மாறி மாறி இயக்கினால் நேரம் பிசகும். பெர்லினில் குளிர்காலத்தில் ஒரு மணி நேரம், கோடையில் இரண்டு மணி நேரம். சென்னையில் ஐந்தரை மணி நேரம். ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

புதியவரைத் திணறடிப்பது பெரும்பாலும் பழுது அல்ல, பழுது எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான். கோளாறு இயந்திரத்திலா, இறக்கிய கோப்பிலா, தான் செய்த அமைப்பிலா? இதைப் பிரித்துக் காட்டும் ஒரு கருவியை 2000ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியிலிருந்து ஒருவர் கொடுத்தார். அவர் மின்பொறியியல் படித்த கிளாஸ் க்னோப்பர். கருவியின் பெயர் க்னாப்பிக்ஸ், குறுந்தகட்டிலிருந்தே இயங்கும் ஒரு லினக்ஸ்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அலைய அவருக்கு விருப்பமில்லை. தனக்கு வேண்டிய கருவிகளை எல்லாம் ஒரே குறுந்தகட்டில் போட்டுக்கொண்டால், எந்தக் கணினியிலும் செருகி வேலை செய்யலாமே என்று நினைத்தார். குறுந்தகட்டிலிருந்து இயங்கும் லினக்ஸ் அதற்கு முன்பும் உண்டு. அமெரிக்காவின் யிக்ட்ரசில் 1992இலேயே வந்துவிட்டது. ஆனால் கணினியின் பாகங்களைத் தானாகவே அடையாளம் கண்டு, செருகிய சில நிமிடங்களில் முழுத் திரையையும் விரித்துவைத்த விதத்தால் பெயர் பெற்றது க்னாப்பிக்ஸ்தான். அந்தக் காலத்தில் லினக்ஸ் நிறுவுகிறவர் தன் மானிட்டரின் அதிர்வெண் அளவுகளைக்கூடக் கையால் எழுத வேண்டியிருக்கும். அளவு தப்பினால் சில பழைய மானிட்டர்கள் பழுதாகவும் கூடும்.

குறுந்தகட்டில் இடமோ 700 மெகாபைட்தான். க்னோப்பர் அதில் ஏறக்குறைய 2 ஜிகாபைட் மென்பொருளைச் சுருக்கி அடைத்தார். முழுவதையும் ஒரேயடியாக விரிக்காமல், எந்தத் துண்டு தேவையோ அதை மட்டும் அந்த நொடியில் விரித்துப் படிக்கும் ஏற்பாடு அது. எழுத வேண்டியவை எல்லாம் ராம் நினைவகத்துக்குப் போகும். நாமாகச் சொல்லாதவரை ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கோப்பு எதுவும் மாறாது. இதனால் விண்டோஸ் எழும்பாத கணினியிலிருந்து புகைப்படங்களை மீட்கவும் அது உதவியது. ஜெர்மனியின் ‘சி டி’ கணினி இதழ், விண்டோஸ் வைரஸ்களைத் தேட இதை வைத்தே ‘க்னாப்பிசிலின்’ என்ற குறுந்தகட்டை உருவாக்கியது. பெனிசிலினை நினைவூட்டும் பெயர். பார்வைக் குறைபாடுள்ள தன் மனைவி ஏட்ரியானுக்காக, திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் இடைமுகத்தையும் க்னோப்பர் அதில் சேர்த்தார். அதற்கு மனைவியின் பெயரையே வைத்தார். எனக்கு அவருடைய வேலையில் மிகவும் பிடித்தது அதுதான்.

இன்று உபுண்டு, மின்ட், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகள் எல்லாமே பென் டிரைவிலிருந்து நிறுவாமலே இயங்குகின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால், பழைய கணினியை வைத்திருக்கும் பலர் இப்போது லினக்ஸ் பக்கம் பார்க்கிறார்கள். அவர்கள் ‘நிறுவு’ பொத்தானுக்கு அவசரப்படக் கூடாது.

முதலில், இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணும் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பாதியில் சிதைந்த கோப்பால் வரும் பிழைகள் விசித்திரமானவை. காரணம் தேடி நாள் கணக்கில் அலைய வைக்கும். அடுத்து, பென் டிரைவிலிருந்தே இயக்கி வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதையெல்லாம் சோதிக்கலாம். அங்கே வேலை செய்யும் வைஃபை, நிறுவிய பிறகு வேலை செய்யவில்லை என்றால் வைஃபை அட்டையைக் குறை சொல்ல வேண்டாம்; அமைப்பில்தான் தேட வேண்டும். அங்கேயே வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் அந்த அட்டையை இயக்கும் ஃபர்ம்வேர் மென்பொருள் இல்லை என்று பொருள். கைபேசியை யுஎஸ்பி வழியே இணைத்து, அதன் இணையத்தில் ஃபர்ம்வேரை இறக்கிக்கொள்ளலாம். இந்தத் தொல்லை டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அதிகம் இருந்தது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து டெபியன் குழுவினரே ஃபர்ம்வேரையும் சேர்த்துத் தருகிறார்கள். திரை கறுப்பாகவே நின்றால், தொடக்கத் தேர்வில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லைச் சேர்த்துப் பார்க்கலாம். கிராபிக்ஸ் டிரைவர் ஒதுங்கி, எளிய திரையாவது வரும்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே நிறுவத் தொடங்குங்கள்.