‘நோ சிக்னல்’ காட்டும் மானிட்டர் கெட்டுப்போகவில்லை

‘நோ சிக்னல்’ என்ற இரண்டு சொற்களைத் திரையில் எழுதுவது கணினி இல்லை, மானிட்டரேதான். பேனல், அதன் பின்னால் எரியும் விளக்கு, உள்ளே இருக்கும் சிறிய செயலி எல்லாம் நல்ல நிலையில் இருந்தால்தான் அந்தச் செய்தி திரையில் வரும். கணினி இரவில் அப்டேட் ஆகி, காலையில் லேப்டாப் திரை மட்டும் வந்து, பக்கத்து மானிட்டர் இந்தச் செய்தியைக் காட்டிவிட்டுக் கறுத்துப்போனால், அதைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டியதில்லை. மானிட்டர் காத்திருக்கிறது. பெரும்பாலும் படம் அனுப்ப வேண்டிய பக்கத்தில்தான் ஏதோ நின்றுபோயிருக்கிறது.

எது நின்றது என்று தெரிய, படம் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ கேபிளில் 19 ஊசிகள் இருக்கின்றன. படம் அவற்றில் சிலவற்றின் வழியாகத்தான் போகிறது. மீதியில் சில முன்னேற்பாட்டுக்கானவை. 18-ஆம் ஊசியில் கணினி 5 வோல்ட் கொடுக்கிறது. மானிட்டர் 19-ஆம் ஊசியை உயர்த்தி ‘நான் இணைந்திருக்கிறேன்’ என்று தெரிவிக்கிறது. உடனே கணினி 15, 16-ஆம் ஊசிகள் வழியாக மானிட்டருக்குள் இருக்கும் ஒரு சிறு நினைவகத்தைப் படிக்கிறது. அதில் இருப்பது 128 பைட் தகவல். ஈடிஐடி என்பது அதன் பெயர். வெசா என்ற தரநிர்ணய அமைப்பு 1994-இல் வகுத்தது. புதிய மானிட்டர்கள் கூடுதல் பக்கங்களைச் சேர்த்துக்கொண்டாலும் அடிப்படை அதே 128 பைட்தான்.

இதை மானிட்டரின் ஜாதகம் என்றே சொல்லலாம். எந்த ஆண்டு, எந்த வாரம் பிறந்தது என்பது முதல், எந்த அளவுப் படத்தை நொடிக்கு எத்தனை முறை தாங்கும் என்பது வரை அதில் இருக்கிறது. தயாரிப்பாளரின் பெயர் மூன்றெழுத்தில் இருக்கும். எல்ஜி மானிட்டர்களில் அந்த மூன்றெழுத்து இன்றும் ‘ஜிஎஸ்எம்’தான். கோல்ட்ஸ்டார் என்று அழைக்கப்பட்ட காலத்துப் பெயரை நிறுவனம் விட்டு 30 ஆண்டுகள் ஆகின்றன, மானிட்டர் விடவில்லை. 128 பைட்டையும் கூட்டினால் தொகை 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் படிப்பதில் பிழை நேர்ந்திருக்கிறது என்று பொருள். கணினி மறுபடி படிக்கலாம். முடியாவிட்டால் பாதுகாப்பான ஒரு சிறிய படஅளவுக்கு இறங்கலாம், அல்லது மானிட்டரே இல்லை என்று முடிவுகட்டலாம். டிஸ்ப்ளேபோர்ட்டில் இதற்கு மேல் இன்னொரு கட்டமும் உண்டு. எத்தனை தடங்களில், எந்த வேகத்தில் அனுப்பினால் பிழையில்லாமல் போய்ச்சேரும் என்று இரு பக்கமும் சோதித்துப் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகே படம் வரும்.

இத்தனையையும் கணினி பக்கத்தில் நடத்துவது கிராஃபிக்ஸ் டிரைவர். அப்டேட் கைவைப்பதும் பெரும்பாலும் அதில்தான். லேப்டாப் தயாரிப்பாளர் தன் மாடலுக்கென்று சரிசெய்து கொடுத்த டிரைவருக்கு மேல் பொதுவான ஒரு டிரைவர் வந்து உட்கார்ந்துவிடும். அல்லது புதிய டிரைவர் ஏறாமலே போய்விடும். அப்போது விண்டோஸ், ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்ற ஏழைப் பதிலியைக் கொண்டு சமாளிக்கிறது. கணினியை எழுப்பும்போது பயாஸ் ஏற்கெனவே எரியவைத்த திரையில் தொடர்ந்து வரைவது மட்டுமே அதற்குத் தெரியும். இன்னொரு போர்ட்டை எழுப்பத் தெரியாது. லேப்டாப் திரை வந்து மானிட்டர் மட்டும் வராமல் போகும் மர்மத்துக்குப் பல வீடுகளில் காரணம் இதுதான். டிவைஸ் மேனேஜரைத் திறந்து ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்பதன் கீழே இந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

லினக்ஸில் இதே கதை வேறு முகத்தோடு வரும். என்விடியாவின் கிராஃபிக்ஸ் டிரைவர், இயங்குதளத்தின் கருவான கெர்னலின் ஒவ்வொரு பதிப்புக்கும் பொருந்தும்படி மறுபடி உருவாக்கப்பட வேண்டியது. கெர்னல் புதிதாகி, டிரைவர் உருவாகாமல் நின்றாலோ, செக்யூர் பூட் அதை ஏற்க மறுத்தாலோ வெளித்திரை போய்விடும். தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

யூஎஸ்பி டாக் (ஒரே கேபிளில் பல சாதனங்களை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வழியாக மானிட்டரை மாட்டியிருப்பவர்கள் பாடு தனி. டாக்கில் இரண்டு வகை. ஒன்று, யூஎஸ்பி-சி கேபிளின் சில கம்பிகளை அப்படியே டிஸ்ப்ளேபோர்ட்டாக மாற்றிப் படத்தை அனுப்புவது. (எல்லா யூஎஸ்பி-சி ஓட்டைகளுக்கும் இந்த வசதி இருக்காது, வாங்கும்போது கடைக்காரர் சொல்ல மாட்டார்.) இன்னொன்று டிஸ்ப்ளேலிங்க் வகை. இதில் திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் பிடித்து, சுருக்கி, சாதாரண யூஎஸ்பி தரவாக அனுப்புகிறது. டாக்குக்குள் இருக்கும் சில்லு அதை விரித்து மானிட்டருக்குக் கொடுக்கிறது. இயங்குதளம் திரையை எப்படிக் கையாள்கிறது என்பதில் சிறு மாற்றம் வந்தாலும் இந்த ஏற்பாடு தடுமாறும். 2018 மார்ச் இறுதியில் ஆப்பிள், மேக்ஓஎஸ் 10.13.4-ஐ வெளியிட்டபோது அதுதான் நடந்தது. டிஸ்ப்ளேலிங்க் டாக்கில் மாட்டிய திரைகள் கறுத்தன. அதே டாக்கின் இணைய இணைப்பும் ஒலியும் ஒழுங்காக வேலை செய்தன. 10.13.3-லேயே இருங்கள் என்பதுதான் டிஸ்ப்ளேலிங்க் நிறுவனம் சொன்ன வழி. 2019-இல் மேக்ஓஎஸ் கேட்டலினா வந்த பிறகு, இந்த மென்பொருளுக்குத் திரையைப் பதிவுசெய்யும் அனுமதியும் தேவைப்படுகிறது. அப்டேட்டுக்குப் பின் மேக்கில் டாக் மானிட்டர் வராவிட்டால் முதலில் அந்த அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, கையில் எதைச் செய்வது? லேப்டாப்பை ‘ஷட் டவுன்’ செய்து மறுபடி போட்டால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று நினைக்கிறோம். விண்டோஸ் 8-இலிருந்து அப்படி இல்லை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்பது கெர்னலை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குவது. குழம்பிய டிரைவரும் அதே குழப்பத்தோடு எழுந்திருக்கும். முழுசாகத் தொடங்க ‘ரீஸ்டார்ட்’தான் கொடுக்க வேண்டும். மானிட்டருக்கும் இதே வைத்தியம்: பொத்தானை அணைத்தால் போதாது, மின் இணைப்பையும் வீடியோ கேபிளையும் பிடுங்கி ஒரு நிமிடம் விட வேண்டும். கேபிளிலிருந்து வரும் 5 வோல்ட் கூட அதன் உள்ளே ஏதோ ஒரு மூலையை உயிரோடு வைத்திருக்கும்.

பிறகு விண்டோஸ் பொத்தானோடு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். திரை ஒரு கணம் சிமிட்டி, கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். விண்டோஸ் பொத்தானும் இன்னொரு பி-யும் (P) சேர்ந்தால் திரைகளை நீட்டுவதா, ஒன்றில் மட்டும் காட்டுவதா என்ற பட்டியல் வரும். சில சமயம் அப்டேட் செய்த குற்றம் அந்தத் தேர்வை மாற்றியது மட்டும்தான். மானிட்டர் ‘நோ சிக்னல்’ என்பதற்குப் பதிலாக ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று காட்டினால் விஷயமே வேறு. படம் வந்துசேர்கிறது, ஆனால் அதனால் தாங்க முடியாத அளவில் வருகிறது. படஅளவையோ திரையின் புதுப்பிப்பு வேகத்தையோ குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

அப்டேட்டுக்குப் பின்னால் நின்றதெல்லாம் அப்டேட்டால் நின்றது என்றும் சொல்ல முடியாது. வாரக்கணக்கில் மூடித் திறந்தே பயன்படுத்திய கணினிக்கு அப்டேட்தான் முதல் ரீஸ்டார்ட்டாக இருக்கும். அரைகுறையான கேபிள் பழைய இணைப்பில் ஓட்டிக்கொண்டிருந்து, புதிதாகப் படிக்கச் சொன்னதும் தோற்றுவிடும். மலிவான சில டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களில் இணைக்கவே கூடாத 20-ஆம் ஊசியை இரு முனையிலும் இணைத்துவிடுகிறார்கள். அதன் வழியாக மானிட்டரின் 3.3 வோல்ட் கணினிக்குள் திரும்பப் பாய்ந்து, அதை எழவிடாமல் செய்த கதைகள் உண்டு. குற்றம் கேபிளிலா மென்பொருளிலா என்று பிரித்தறிய ஒரு சோதனை: கணினியை எழுப்பியதும், விண்டோஸ் வருமுன், தயாரிப்பாளரின் சின்னம் மானிட்டரில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பெரும்பாலும் கேபிளும் போர்ட்டும் நல்லவை, குற்றம் மென்பொருளில். தெரியாவிட்டால் முடிவுகட்ட வேண்டாம்; பல லேப்டாப்கள் அந்தச் சின்னத்தைத் தம் சொந்தத் திரையில் மட்டுமே காட்டும். அப்போது வேறொரு கேபிளோ வேறொரு கணினியோதான் தீர்ப்பு சொல்லும்.

மென்பொருள்தான் என்றானால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போடுங்கள். அதுவும் உதவாவிட்டால் அமைப்புகளில் அப்டேட் வரலாற்றுக்குப் போய் அந்த அப்டேட்டை மட்டும் நீக்கலாம். விண்டோஸே புதிய பதிப்புக்கு மாறியிருந்தால் பழையதற்குத் திரும்ப வழக்கமாக 10 நாள் அவகாசம் உண்டு. டிஸ்கில் இடம் பிடிக்கிறதே என்று பழைய கோப்புகளை அதற்குள் துடைத்துவிட வேண்டாம். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாக விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். உங்கள் மாடலுக்குப் பொருந்தாத டிரைவர் ஏறியதால்தானே இந்தப் பாடு.