அவர்ணருக்கு அதிகாரம்: மதானி என்ற விசாரணைக் கைதியின் அரசியல் வாழ்க்கை

அப்துல் நாசர் மதானி என்ற பெயரைத் தமிழ்நாட்டில் கேட்டால், பெரும்பாலோர் நினைவுக்கு வருவது 1998 கோவை குண்டுவெடிப்பு மட்டுமே. அந்த வழக்கில் ஒன்பதரை ஆண்டுகள் கோவை மத்தியச் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்து, குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று 2007இல் அவர் விடுவிக்கப்பட்டார் என்பதைச் சிலர் சேர்த்துச் சொல்லக்கூடும். ஆனால் கைதாவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் கேரளத்தில் தலித்துகளையும் பிற்படுத்தப்பட்டோரையும் முஸ்லிம்களையும் ஒரே அணியில் திரட்டுவதற்காக அவர் ஒரு கட்சி தொடங்கினார் என்பதும், அதன் முழக்கமே ‘அவர்ணருக்கு அதிகாரம்’ என்பதும் இங்கே ஏறக்குறைய யாருக்கும் தெரியாது. செட்டிகுளம் போன்ற ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் நம் மாணவர்களுக்கு இந்த வாழ்க்கையைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கிறது. சேரியும் முஸ்லிம் தெருவும் அருகருகே இருந்தும் அரசியலில் தனித்தனியே நிற்கும் மாவட்டங்கள் நம்முடையவை.

மதானி கொல்லம் மாவட்டம் சாஸ்தாம்கோட்டைப் பகுதியைச் சேர்ந்தவர். தந்தை பள்ளி ஆசிரியர். கேரள முஸ்லிம்களிடையே நெடுங்காலமாக நிலவும் மார்க்கக் கல்வி முறையில் பயின்று, இளம் வயதிலேயே ‘உஸ்தாத்’ என்று அழைக்கப்படும் ஆலிம் ஆனார். அன்வார்சேரி என்ற இடத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தையும் மார்க்கக் கல்வி நிலையத்தையும் நிறுவினார். அவரை மக்கள் அறிந்தது அவருடைய குரலால். இரவு நெடுநேரம் நீளும் மார்க்கச் சொற்பொழிவு கேரளத்துப் பள்ளிவாசல் முற்றங்களின் பழைய மரபு. நம் ஊர்களில் பயான் என்கிறோம். அந்த மேடையில்தான் அவர் அரசியல் பேசக் கற்றார். மறுமையைப் பற்றிப் பேச வந்தவர், அயோத்தியைப் பற்றியும் காவல் நிலையங்களைப் பற்றியும் அமைச்சர்களைப் பற்றியும் பேசினார். கூட்டம் பெருகியது. ஒலிநாடாக்கள் வளைகுடா நாடுகள்வரை போயின.

ரத யாத்திரையும் கரசேவையும் நாட்டைக் கொதிப்பில் வைத்திருந்த அந்த ஆண்டுகளில், ஆர்.எஸ்.எஸ்ஸுக்கு எதிர்வினையாக இஸ்லாமிய சேவக சங்கம் (ஐ.எஸ்.எஸ்.) என்ற அமைப்பை அவர் தொடங்கினார். பெயரிலேயே போட்டி தெரிகிறது. எதிரியின் வடிவத்தை நகலெடுத்து எதிரியை வெல்ல முடியும் என்ற நம்பிக்கை ஒடுக்கப்பட்டோர் இயக்கங்களில் அவ்வப்போது தலைகாட்டுவதுதான். அது எப்போதும் வலுவுள்ளவர்களுக்கே பயன்பட்டிருக்கிறது என்பது நம் கருத்து. அக்காலத்தில் அவர் ஆற்றிய உரைகள் கடுமையானவை, பகையை மூட்டக்கூடியவை. இதை மறைத்துவிட்டு அவரைத் தியாகியாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 1992 ஆகஸ்டில் நடந்த வெடிகுண்டுத் தாக்குதலில் அவர் தம் வலக்காலை இழந்தார். அதே ஆண்டு டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபின் ஒன்றிய அரசு ஐந்து அமைப்புகளைத் தடை செய்தது: ஆர்.எஸ்.எஸ்., விசுவ இந்து பரிஷத், பஜ்ரங் தளம், ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்த், ஐ.எஸ்.எஸ். இடித்தவர்களும் இடிபட்டவர்களின் தரப்பும் ஒரே பட்டியலில் வைக்கப்பட்டார்கள்.

நம்மைப் பொறுத்தவரை அவருடைய வாழ்வில் கவனிக்க வேண்டிய திருப்பம் இதற்குப் பின்தான் வருகிறது. மத அமைப்பைக் கலைத்துவிட்டு 1993இல் மக்கள் ஜனநாயகக் கட்சியை (பி.டி.பி.) அவர் தொடங்கினார். ‘அவர்ணருக்கு அதிகாரம், பீடிதருக்கு விமோசனம்’ என்பது முழக்கம். அவர்ணர் என்ற சொல்லைக் கேரளச் சூழலில் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். நான்கு வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்ற பொருளில் புலையர், பறையர், ஈழவர் முதலான சமூகங்களைக் குறித்துவந்த சொல் அது. அய்யன்காளி வழிநடைக்காகவும் பள்ளிக்கூடத்துக்காகவும் போராடியது அந்த அவர்ண நிலைக்கு எதிராகத்தான். ஓர் ஆலிம் அந்தச் சொல்லை எடுத்து அதற்குள் தம் சமூகத்தையும் கொண்டுபோய் நிறுத்தினார். முஸ்லிம்களைச் சிறுபான்மை என்று சொல்வது எண்ணிக்கை சார்ந்த சொல். பாதுகாப்புக் கேட்கும் சொல். அவர்ணர் என்பது சாதி அமைப்பைச் சுட்டும் சொல். அதன்படி கூட்டிப் பார்த்தால் தலித்துகளும் முஸ்லிம்களும் பிற்படுத்தப்பட்டோரும் சேர்ந்து பெரும்பான்மை. கன்ஷிராம் வடநாட்டில் ‘பகுஜன்’ என்று போட்ட கணக்கும் ஏறத்தாழ இதுவே.

கேரளத்தின் முஸ்லிம் அரசியல் அன்றுவரை இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் கையில் இருந்தது. மசூதி இடிக்கப்பட்ட பிறகும் லீக் காங்கிரசுடன் ஆட்சியில் தொடர்ந்தது அச்சமூக இளைஞர்களிடையே பெருங்கோபத்தை உண்டாக்கியது. லீக்கின் மூத்த தலைவர் இப்ராகிம் சுலைமான் சேட்டே வெளியேறி 1994இல் இந்திய தேசிய லீக்கைத் தொடங்கினார். அதே ஆண்டு குருவாயூர் இடைத்தேர்தலில் லீக் தோற்றது. பி.டி.பி. பிரித்த வாக்குகள் அத்தோல்விக்கு முக்கியக் காரணம் என்று அன்று பேசப்பட்டது. இரு முன்னணிகளும் மதானியை அதன்பிறகே கணக்கில் எடுத்துக்கொண்டன.

இந்த அரசியலின் குறையையும் சொல்லிவிட வேண்டும். பி.டி.பி. ஒருவருடைய குரலை நம்பி வளர்ந்த கட்சி. தலித் சமூகங்களுக்குள் வேர்விட்ட இயக்கமாக அது ஆகவில்லை. முழக்கம் போன தொலைவுக்கு அமைப்பு போகவில்லை. முஸ்லிம்களுக்குள்ளேயே தங்கள், ஒஸ்ஸான், புஸ்லான் என்று பிறப்பாலும் தொழிலாலும் நிலவும் ஏற்றத்தாழ்வும் அந்த முழக்கத்தில் முதன்மை பெறவில்லை. பீகாரில் பஸ்மாந்தா இயக்கத்தார் 1990களில் எழுப்பிய கேள்வி இதுதான்: முஸ்லிம்களை ஒற்றைச் சமூகமாகக் காட்டிப் பேசும்போது, அதற்குள் இருக்கும் கீழ்ச்சாதியார் எங்கே போகிறார்கள்? கட்சி தொடர்ந்து வளர்ந்திருந்தால் இக்கேள்வியை எதிர்கொண்டிருக்குமா என்பதைச் சோதித்துப் பார்க்கக் காலம் கிடைக்கவில்லை.

1997 நவம்பர் இறுதியில் கோவையில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 1998 பிப்ரவரி 14 அன்று, எல்.கே. அத்வானி தேர்தல் பரப்புரைக்கு வரவிருந்த நேரத்தில் நகரெங்கும் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர்; இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அன்று செத்தவர்கள் கடைவீதிக்கு வந்தவர்களும் மருத்துவமனையில் இருந்தவர்களும்தான். அக்கொலைகளுக்கு எந்த நியாயமும் இல்லை.

1998 மார்ச் 31 அன்று, பழைய உரை ஒன்று தொடர்பான வழக்கில் கேரளக் காவல்துறை மதானியைக் கைது செய்தது. பிறகு அவர் தமிழ்நாட்டுக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டு, குண்டுவெடிப்புச் சதி வழக்கில் சேர்க்கப்பட்டார். அப்போது கேரளத்தில் இடதுசாரி ஆட்சி, தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி. பின்னர் இரு மாநிலங்களிலும் ஆட்சிகள் மாறின; பிணை மட்டும் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம்வரை சென்றும் பலனில்லை. ஒற்றைக் காலுடன், நீரிழிவு நோயுடன், பார்வை மங்கிவரும் நிலையில் ஒருவர் சிறைக்குள் இருக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள் ஒவ்வொருவராக விசாரிக்கப்பட்டனர். 2005இல் அவருடைய விடுதலையைக் கோருவதாகச் சொல்லி களமசேரியில் தமிழ்நாடு அரசுப் பேருந்தை ஒரு கும்பல் எரித்தது. அவருடைய வழக்குக்கு அதைவிடக் கேடு செய்திருக்க முடியாது. 2006 மார்ச்சில் கேரளச் சட்டமன்றம் மனிதநேய அடிப்படையில் அவரை விடுவிக்கக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. எட்டாண்டுகள் கழிந்து, தேர்தல் நெருங்கிய வேளையில் வந்த ஒருமனம் அது.

2007 ஆகஸ்ட் 1 அன்று கோவைத் தனி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அல் உம்மா நிறுவனர் பாஷா உள்ளிட்ட பெரும்பாலோர் குற்றவாளிகள் என அறிவிக்கப்பட்டனர். மதானி விடுதலையானார். அன்றே கேரளம் திரும்பிய அவர், கடந்த காலத்தில் தாம் பேசிய கடுமொழிகளுக்காக மக்கள் முன் வருத்தம் தெரிவித்தார். அவரைச் சிறையில் வைத்திருந்த அமைப்புகளில் எதுவும் அவரிடம் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

2009 மக்களவைத் தேர்தலில் பொன்னானியில் இடது முன்னணி ஆதரித்த வேட்பாளருக்காக அவர் மேடையேறினார். லீக்கின் ஈ.டி. முகமது பஷீர் வென்றார். அந்தத் தோல்வியோடு இடதுசாரிகளும் அவரை விட்டு விலகினர். 2010 ஆகஸ்ட் 17 அன்று, 2008இல் பெங்களூரில் நடந்த தொடர் குண்டுவெடிப்பு வழக்கில் 31ஆவது எதிரியாகச் சேர்க்கப்பட்ட அவரை, அன்வார்சேரியில் வைத்துக் கர்நாடகக் காவல்துறை கைது செய்தது. மீண்டும் சிறை. 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது. ஆனால் பெங்களூரை விட்டு வெளியேறக் கூடாது என்றது. சொந்த ஊரிலேயே தங்க அவர் அனுமதி பெற்றது 2023 ஜூலையில். அதுவரையிலும் அவ்வழக்கில் தீர்ப்பு வரவில்லை. அக்குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என்பதை நாம் இங்கே தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டிய நீதிமன்றம் பதின்மூன்று ஆண்டுகளில் தீர்மானிக்காமல் இருந்ததுதான் நாம் சொல்ல வருவது.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு குற்றத்துக்கு விதிக்கக்கூடிய மிகுதியான தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டவரைப் பிணையில் விட வேண்டும் என்ற விதி, 436ஏ பிரிவாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கு அது பொருந்தாது. ஆகவே பெரிய சதி வழக்கில் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டாலே போதும், அந்த வாசல் அடைந்துவிடும். 2008 டிசம்பரில் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் 43டி(5) என்ற பிரிவு நுழைக்கப்பட்டது. காவல்துறையின் ஆவணங்களைப் பார்த்துக் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று தோன்றினாலே பிணை மறுக்க வேண்டும் என்கிறது அது. விசாரணை முடிவின்றி நீளும்போது இந்தத் தடையையும் மீறி அரசமைப்பு நீதிமன்றங்கள் பிணை வழங்கலாம் என்று 2021இல், கேரளத்தைச் சேர்ந்த கே.ஏ. நஜீப் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவருக்கு மூன்றில் ஒரு பங்குக் காலம் போதும் என்று இறங்கி வருகிறது. கூடவே ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களையும் விலக்குகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் உள்ளவர்களையும் விலக்குகிறது. ஒரே சம்பவத்துக்கு நான்கு வழக்குப் போடும் வழக்கம் சேரி இளைஞர்களுக்குப் புதிதல்ல. சலுகையிலிருந்து முதலில் விழுபவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நால்வரில் மூவர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் பட்டியல் சாதியினர். முஸ்லிம்களும் ஏறத்தாழ அதே அளவு. இரு சமூகங்களுக்கும் மக்கள்தொகையில் உள்ள பங்கைவிட இது கூடுதல். அவர்ணர் என்ற சொல்லுக்குத் தேர்தலில் கிடைக்காத ஒற்றுமை சிறைக்கூடத்தில் கிடைத்திருக்கிறது. தவறாகச் சிறைப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கத் தனிச் சட்ட ஏற்பாடு வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில் 2018இலேயே பரிந்துரைத்தது. அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் கோவைச் சிறையின் ஒன்பதரை ஆண்டுகளுக்கு யாராவது கணக்குச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இனி நம் மாவட்டங்களுக்கு வருவோம். செட்டிகுளத்தைச் சுற்றிய சின்ன வெங்காயக் காடுகளில் கூலிக்குப் போகும் குடும்பங்களில் பல தலித் குடும்பங்கள். லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். வி.களத்தூரில் கோயில் ஊர்வலப் பாதை பற்றிய சச்சரவு சென்னை உயர் நீதிமன்றம்வரை போய், 2021இல் தீர்ப்பு வந்தது. அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் 2019 வாக்குப்பதிவு நாளன்று தலித் வீடுகள் தாக்கப்பட்டன. முன்னதை மதச் சிக்கல் என்றும் பின்னதைச் சாதிச் சிக்கல் என்றும் தனித்தனிக் கோப்பில் போட்டுவைக்கப் பழகிவிட்டோம். ஊர்த் தெருவில் யார் நடக்கலாம், யார் எந்தச் சின்னத்தைத் தூக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்ற ஒரே கேள்விதான் இரண்டிலும் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

இந்த இரு தரப்பும் சேர்வதற்குச் சட்டமே ஒரு சுவர் எழுப்பி வைத்திருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்து மதத்தவரை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. பிறகு 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே வாழும் தலித் ஒருவர் நாளை இஸ்லாத்தைத் தழுவினால், அதே சேரியில், அதே வீட்டில், அதே கூலி வேலையில் இருந்தாலும் அத்தொகுதியில் வேட்புமனு அளிக்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்குக் கிடைக்காது. மதத்தைப் பார்க்காமல் இத்தகுதியை வழங்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அறிக்கை அளித்தது 2007இல், மதானி கோவைச் சிறையிலிருந்து வெளிவந்த அதே ஆண்டில். அவ்வறிக்கையை ஏற்காத ஒன்றிய அரசு, 2022 அக்டோபரில் இதே கேள்வியை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையத்தை அமைத்தது.